கார் துவட்டும் மைக்ரோஃபைபர் துண்டு: வாங்குவது முதல் கழிப்பது வரை

ஷாம்பூ போடும்போது பார்த்துப் பார்த்துக் கழுவுகிறவர்கள்கூடத் துவட்டும்போது கோட்டை விட்டுவிடுகிறார்கள். தோளில் கிடக்கும் ஈரிழைத் துண்டு, கிழிந்த வேட்டி, மெக்கானிக் கடையில் எடை போட்டு விற்கும் பனியன் வேஸ்ட் என்று கைக்கு அகப்பட்டதை எடுத்து அழுத்தித் தேய்த்தால், சில மாதங்களில் பானெட்டில் வெயில் படும்போது சிலந்தி வலை போலச் சுழல் கீறல்கள் தெரியும். காரின் மேல்பூச்சான கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதில்லை, கீறலின் ஆழத்துக்கு மேல்பூச்சைச் சீவி எடுப்பது. எத்தனை முறை சீவ முடியும்?

துவட்ட ஏற்றது மைக்ரோஃபைபர், அதாவது மிக நுண்ணிய செயற்கை இழையில் நெய்த துண்டு. அதற்கு இரண்டே வேலை. தண்ணீர் தானாகக் காய்ந்து கறை படிவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது தூசியை வைத்துத் தேய்த்துவிடக் கூடாது. கடைக்காரர் சொல்லும் எதையும் இந்த இரண்டில் எதற்கு உதவும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

சிறு வண்டிக்கு மொத்தச் செலவு 600 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் ஒரு வாரம், முதல் துவையலுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

துண்டு வாங்குவதற்குத் தண்ணீரை ஏன் பார்க்க வேண்டும்? காவிரி டெல்டாவில் ஊருக்கு ஊர் போர்த் தண்ணீர் மாறுகிறது. திருவையாறு, பாபநாசம் பக்கம் ஆற்றோரம் இருக்கிற வீட்டில் வரும் தண்ணீரும் தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் வரும் தண்ணீரும் ஒன்றல்ல. உப்பும் சுண்ணாம்பும் கூடின தண்ணீர் காய்ந்தால் ஒவ்வொரு துளிக்கும் ஒரு வெள்ளை வட்டம் மிஞ்சும். கறுப்பு, கருநீல வண்டி என்றால் அது அம்மைத் தழும்பு போலத் தெரியும். வெயிலில் சூடான தகட்டில் இது நடந்தால் வட்டம் மேல்பூச்சிலேயே பதிந்துபோகும், ஈரத்துணிக்கு அசையாது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும், பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்ஓ சர்வீஸுக்கு வருகிறவரிடமும் இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்வார். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம். உங்கள் போர் அதற்குக் கீழே என்றால் சாதாரண வேகத்தில் துவட்டினால் போதும். ஆயிரத்தைத் தாண்டினால் நிறையக் குடிக்கும் துண்டு இரண்டாவது வேண்டும், ஒன்று நனைந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததை எடுக்க. இரண்டாயிரத்துக்கு மேலே போகிற ஊர்களில் துண்டு மட்டும் காப்பாற்றாது. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ 8 முதல் 10 லிட்டர், செடிக்கு ஊற்றும் பூவாளியில் ஊற்றிக் கூரையிலிருந்து கீழே விடுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று இரண்டு கழுவலுக்கு வரும்.

ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவுதானே என்று வண்டியைப் படித்துறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அணையைத் திறந்து தண்ணீர் வரும் நாட்களில் அதில் வண்டல் கலந்து வரும், அது அரைத்த மணல்தான். ஷாம்பூ நுரையை ஆற்றில் விடுவதும் குளிக்கிற இடத்தில் செய்கிற காரியமில்லை.

2. அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்யுங்கள்

பெரிய துண்டாக ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பது புதியவர்களின் முதல் தவறு. 60க்கு 90 செ.மீ. கனத்த துண்டு காய்ந்த நிலையிலேயே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். 2 லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டால் இரண்டரைக் கிலோ. அதை ஒற்றைக் கையில் பிடித்து இன்னோவா கூரையை எட்டித் துடைக்கும்போது நுனி நழுவித் தரையைத் தொடும். தொட்ட துண்டு அன்றைக்கு அவ்வளவுதான். சிமெண்டுத் தரையில் கிடக்கும் ஒரு மணல் துகள் போதும், கதவு முழுக்கக் கோடு போட.

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் அளவு வண்டிக்கு 50க்கு 80 அளவில் ஒன்று. செடான் என்றால் அதே அளவில் ஒன்றரை வேலை இருக்கும், அதனால் இரண்டு. உயரமான வண்டிகளுக்கும் 50க்கு 80 இரண்டுதான் சரி, 60க்கு 90 ஒன்று வேண்டாம். எந்த வண்டியானாலும் கூடவே 40க்கு 40 சிறு துண்டு மூன்று வாங்குங்கள்: கண்ணாடிக்கு ஒன்று, கதவு இடுக்கு, பெட்ரோல் மூடிக்கு ஒன்று, கதவின் கீழ்ப்பட்டைக்கும் சக்கரத்துக்கும் ஒன்று. மூன்றும் மூன்று நிறமாக இருக்கட்டும். சக்கரத்துக்கு கறுப்பு என்று வைத்துக்கொண்டால் வீட்டில் யார் எடுத்தாலும் குழப்பம் வராது. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் ஒட்டிய துணி ஒருபோதும் பானெட்டுக்கு வரக் கூடாது.

3. நெசவு: பார்க்க வேண்டியது இதைத்தான்

கடையில் எல்லாம் "மைக்ரோஃபைபர்" என்ற ஒரே பெயரில் தொங்கும். கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று வகை தெரியும்.

முறுக்கு இழை. ட்விஸ்டட் லூப் என்று அட்டையில் போட்டிருக்கும். சின்னச் சின்ன முறுக்கு நூல்கள் வரிவரியாக நிற்கும், கால்மிதியைப் பொடிசாக்கினது போல. தண்ணீரை அதிகம் குடிப்பது இதுதான். நனைந்த பிறகும் வழுக்கிக்கொண்டு போகும், இழுக்கக் கையில் பலம் வேண்டாம். கூரை, பானெட், டிக்கி போன்ற அகலமான இடங்களுக்கு இதற்கு ஈடில்லை. குறை ஒன்று: நம்பர் பிளேட் மூலை, எழுத்துச் சின்னங்கள், வைப்பர் இவற்றில் கண்ணி மாட்டிக்கொள்ளும். மாட்டினால் இழுக்காதீர்கள், வரிசையே உருவிக்கொண்டு வரும். கத்திரியால் அந்த ஒரு இழையை மட்டும் அடியோடு வெட்டிவிடுங்கள்.

வாஃபிள். ஆப்பச் சட்டிக்கு உறவில்லாத அந்தக் கட்டம் போட்ட பலகாரத்தின் முகம் போலச் சதுரக் குழிகள் இருக்கும். மெல்லியது, சுலபமாகப் பிழியலாம், சீக்கிரம் காயும். முறுக்கு இழை அளவுக்குக் குடிக்காது. ஆனால் கண்ணாடிக்கு இது போல வராது, கோடு விழாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எந்தத் துணியும் காயாத வீடுகளுக்கு, ஒரே ஒரு துண்டுதான் வாங்குவேன் என்றால், வாஃபிளையே சொல்வோம்.

பஞ்சு முடி. கோரல் என்றும் ப்ளஷ் என்றும் விற்பார்கள். தொட்டால் பூனைக்குட்டி. அதனாலேயே அதிகம் விற்கிறது. விலை குறைந்தவை நனைந்ததும் தகட்டில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும், முடி உதிர்க்கும், பின்னால் துளிகளை வரிசையாக விட்டுச் செல்லும். இது வாக்ஸ் துடைத்தெடுக்க நல்லது, துவட்டுவதற்கு இரண்டாம் பட்சம்.

ஷாமி தோல், ரப்பர் போல இழுபடும் பிவிஏ துணி இரண்டையும் பற்றிக் கேட்கிறார்கள். தண்ணீரை நன்றாகத்தான் எடுக்கும். ஆனால் அதன் முகம் வழவழப்பாகத் தட்டையாக இருப்பதால் தூசி உள்ளே போய் ஒளிய இடமில்லை. துணிக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உருளும். மைக்ரோஃபைபரின் குழிகளும் இழைகளும் செய்கிற வேலையே அந்தத் துகளை மேலே வாங்கிக்கொள்வதுதான்.

4. ஜிஎஸ்எம் எண்ணைத் தராசில் வையுங்கள்

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. இந்த எண்ணை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது, இதில்தான் ஏமாற்றும் அதிகம். சரிபார்க்க ஒரு தராசு போதும்.

நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்குங்கள், அதை ஜிஎஸ்எம்மால் பெருக்குங்கள். வருவது துண்டின் எடை. 40க்கு 60 செ.மீ. துண்டு 0.24 சதுர மீட்டர். அட்டையில் 1,200 என்று போட்டிருந்தால் அது 288 கிராம் இருக்க வேண்டும். தராசு 180 காட்டினால் உண்மையான எண் 750. 50க்கு 80 துண்டு 0.40 சதுர மீட்டர். 1,000 ஜிஎஸ்எம் என்றால் 400 கிராம். ஓரத் தையலுக்காகச் சில கிராம் கூடக் குறைய இருக்கலாம், நூறு கிராம் குறையக் கூடாது. டேப்பை விரித்து அளவையும் ஒரு தரம் பாருங்கள். 40க்கு 60 என்று போட்டுவிட்டு 36க்கு 56 வைப்பதும் உண்டு.

வீட்டில் தராசு இல்லையென்றால் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசே போதும். கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்காரர்கள் எடை போட்டு விற்றே பழகினவர்கள், துண்டைக் கொண்டுபோய் வைத்தால் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பார்கள்.

எண் பெரிதானால் துண்டு நல்லது என்றும் இல்லை. வாஃபிளுக்கு 350 முதல் 450 போதும். முறுக்கு இழைக்கு 600க்குக் கீழே போக வேண்டாம், 1,000 தாராளம். அதற்கு மேலே போனால் துவைத்த துண்டு மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும், பூசணம் பிடித்து வாடை வரும். கண்ணாடிக்கும் இடுக்குக்கும் உள்ள சிறு துண்டுகளுக்கு 300 முதல் 350.

5. கலவையும் ஓரமும்

லேபிளில் பாலியெஸ்டர், பாலிஅமைடு என்று இரண்டு பெயரும் ஒரு விகிதமும் இருக்க வேண்டும். 80க்கு 20 பரவலாகக் கிடைப்பது, 70க்கு 30 கொஞ்சம் மிருதுவானது, விலையும் கூட. பாலிஅமைடு நைலான் இனம், தண்ணீரோடு அதற்குத்தான் ஒட்டுதல். இந்த இரண்டையும் ஒன்றாக இழுத்துப் பிறகு பிளக்கிறார்கள். ஒரு இழை பிளந்து பல ஆப்புகளாகும்போது நடுவில் உண்டாகும் சந்துகளில்தான் தண்ணீர் ஏறுகிறது. "100% பாலியெஸ்டர்" என்று மட்டும் போட்டிருந்தால் அது தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிக்கொண்டு போகும். தூசு தட்டும் துணியாக வைத்துக்கொள்ளலாம்.

பிளந்த இழையா என்று பார்க்க ஒரு எளிய வழி: காய்ந்த உள்ளங்கையில் துண்டை மெதுவாக இழுங்கள். வயல் வேலையோ பாத்திரம் தேய்ப்பதோ செய்து சொரசொரத்த கை என்றால் இன்னும் நல்லது. தோலின் வரிகளில் துணி மெல்லக் கொக்கி போடுவது தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் பிளக்காத இழை.

அடுத்து ஓரம். துண்டின் நடுவைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்குவார்கள். கீறுவதோ பெரும்பாலும் ஓரம்தான். தடித்த நைலான் நூலால் இறுக்கித் தைத்திருந்தால் நகத்தால் நெருடிப் பாருங்கள், குத்தினால் வேண்டாம். மைக்ரோஃபைபர் பட்டியையே மடித்துத் தைத்த ஓரம் நல்லது. ஓரமே இல்லாமல் வெட்டின துண்டுகள் சிறு அளவில் நன்றாக இருக்கும்.

துவைக்கும் முறை அச்சடித்த சிறு லேபிள் ஒரு மூலையில் தைத்திருக்கும். அது விறைப்பான பிளாஸ்டிக் நாடா. வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். பாதி வெட்டினால் மிச்சம் இருக்கும் முனை இன்னும் கூராகிவிடும், முழுசாகப் பிரிப்பதுதான் முறை. ஆனால் அதற்கு முன்னால் அடுத்த இரண்டு படிகளை முடியுங்கள், லேபிள் பிரித்த துண்டை எவரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

6. பில், அட்டை, திருப்பி அனுப்பும் கெடு

பையில் அடைத்து விற்கும் துண்டின் அட்டையில் எம்ஆர்பி, எத்தனை துண்டு, அளவு, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, மாதம் ஆண்டு, புகார் எண் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். இவை எதுவும் இல்லாத வெறும் பாலிதீன் பையில் வரும் துண்டுக்கு 50 ரூபாய் குறைத்துக் கொடுப்பார்கள். சாயம் போனாலும் எடை குறைந்தாலும் போய்க் கேட்க ஆளிருக்காது.

எம்ஆர்பியில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கிறது. "பில் வேண்டுமென்றால் வரி தனி" என்று சொன்னால் அது சரியில்லை. பில்லில் "கார் ஆக்சஸரி" என்று மொத்தமாக எழுதாமல் துண்டின் அளவையும் எண்ணிக்கையையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விலை தோராயமாக இப்படி: 40க்கு 40 மூன்று துண்டுக் கட்டு 250 முதல் 400 ரூபாய். நடுத்தர அளவு வாஃபிள் 300 முதல் 600. முறுக்கு இழை 50க்கு 80 சுமார் 500 முதல் 1,000. பத்துத் துண்டு 199 ரூபாய் என்று தெருவோரம் தொங்குகிறதே, அது சமையலறை மேடைக்கு.

தஞ்சாவூர், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் ஆக்சஸரீஸ் கடைகளில் பெரும்பாலும் பஞ்சு முடி வகையே இருக்கும். முறுக்கு இழைக்குத் திருச்சி போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைன். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன்பே திருப்பி அனுப்ப எத்தனை நாள், பணம் திரும்புமா மாற்றுத் துண்டு மட்டும்தானா என்று படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், அதே வீடியோவில் டேப்பும் தராசும் தெரியட்டும். கெடு பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் கார் கழுவும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அல்ல. கடைக்காரர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. வண்டியில் வைக்கும் முன் இரண்டு சோதனை

எடையும் அளவும் சரியாக இருந்தால் பழைய சிடி ஒன்றை எடுங்கள். பளபளப்பான பக்கத்தில் துண்டின் நடுவால் பத்துத் தரம், ஓரத்தால் பத்துத் தரம் கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். புதுக் கோடு விழுந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். துண்டு நனையாததால் இந்தச் சோதனைக்குப் பிறகும் திருப்பி அனுப்புவதில் சிக்கல் இல்லை.

இரண்டாவது சோதனை தண்ணீர்க் குடி. அதை நனைத்துத்தான் பார்க்க முடியும், ஆகவே ஒரே மாதிரி இரண்டு வாங்கியிருந்தால் ஒன்றை மட்டும் நனையுங்கள். ஆனால் புதுத் துண்டில் ஆலையில் போட்ட பூச்சு இருக்கும், முதல் துவையலுக்கு முன் அது சரியாகக் குடிக்காது. துவைத்துக் காய்ந்தபின் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் நாலு கரண்டித் தண்ணீரைப் பரப்பி, துண்டை மேலே போட்டு, அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். நல்ல துண்டு மூச்சு விட்ட கண்ணாடி போல மெல்லிய ஆவித் தடத்தை மட்டும் விடும், அரை நிமிடத்தில் அதுவும் போய்விடும். முத்து முத்தாகத் துளி நின்றால் அதைச் சக்கரத்துக்கு ஒதுக்குங்கள்.

8. முதல் துவையல்

10 லிட்டர் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், கை பொறுக்கும் சூடு, அதற்கு மேல் வேண்டாம். திரவ டிடர்ஜெண்ட் ஒரு மேசைக்கரண்டி. அரை மணி நேரம் ஊறவைத்துக் கையால் கசக்கி, சாயம் நிற்கும்வரை அலசுங்கள். சிவப்பும் கருநீலமும் மூன்று தண்ணீர் வாங்கும். தூள் டிடர்ஜெண்ட் கரையாமல் இழைக்குள் தங்கும். பார் சோப்பு பிசுக்கை விடும்.

துவைக்கிற கல்லில் அடிக்கவே கூடாது. இழை அறுபடுவது ஒரு பக்கம். கல்லின் சொரசொரப்பில் தங்கியிருக்கும் மணல் துண்டுக்குள் ஏறிக்கொள்ளும், அது அலசினாலும் வெளியே வராது. வீட்டில் துவைக்க உதவிக்கு வருபவர் இருந்தால் இந்தத் துண்டுகளைத் தனி வாளியில் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. துவட்டுவது

வெயில் ஏறும் முன், காலை ஏழரைக்குள். இல்லாவிட்டால் மாலை நாலரைக்கு மேல். புறங்கையைப் பானெட்டில் வையுங்கள். சூடு தெரிந்தால் கழுவவே ஆரம்பிக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஓட்டிவந்த வண்டியை நிழலில் ஒரு மணி நேரமாவது நிறுத்துங்கள். வேப்ப மரத்தடி குளிர்ச்சிதான், ஆனால் துவட்டிக்கொண்டிருக்கும்போதே பூவும் சருகும் விழும்.

கடைசி அலசலில் குழாய் முனையில் மாட்டும் துப்பாக்கியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைத் தகட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்து மெதுவாக ஓடவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் ஆயிரம் துளியாகச் சிதறி நிற்கும். தாளாக ஓடவிட்டால் தண்ணீரே தண்ணீரை இழுத்துக்கொண்டு இறங்கும். வாக்ஸ் போட்ட வண்டியில் பெரும்பகுதித் தண்ணீர் இப்படியே வடிந்துவிடும், துண்டுக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போது துண்டை ஒருமுறை நனைத்து நன்றாகப் பிழிந்து உதறுங்கள். முழுக்கக் காய்ந்த துண்டு தொடக்கத்தில் தண்ணீரை வாங்கத் தயங்கும், லேசான ஈரம் இருந்தால் உடனே இழுக்கும்.

வரிசை இதுதான்: கூரை, முன் பின் கண்ணாடி, பானெட், டிக்கி, பக்கக் கண்ணாடிகள், கதவுகளின் மேல்பாதி. கூரையிலும் பானெட்டிலும் துண்டை வலை வீசுவது போல விரித்துப் போட்டு, இரண்டு மூலையையும் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். கையை மேலே வைத்து அழுத்த வேண்டாம். துண்டின் சொந்த எடை போதும். வட்டமாகத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதை விடுவதுதான் கடினம், கை தானாகச் சுழலும். கதவுகளில் துண்டை நாலாக மடித்து ஒற்றி ஒற்றி எடுங்கள். நாலாக மடித்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்த எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் நனைந்ததும் அடுத்ததைத் திருப்புங்கள்.

கதவின் முட்டி உயரத்துக்குக் கீழே பெரிய துண்டு இறங்கவே கூடாது. சகதி தெறிக்கும் இடம் அது, எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் தங்கியிருக்கும். அங்கே கறுப்புச் சிறு துண்டு.

பக்கவாட்டுக் கண்ணாடிக் கூடு, கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, பின் விளக்கு இடுக்கு ஆகியவற்றில் தண்ணீர் ஒளிந்திருந்து, நீங்கள் துண்டைப் பிழிந்து தொங்கவிட்ட பிறகு ஒழுகும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அந்த ஒழுகலே கதவில் வெள்ளைக் கோடாக நிற்கும். கதவு நான்கையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடி, தெருவில் ஐம்பது மீட்டர் ஓட்டி, பிரேக் போட்டு நிறுத்தி, வடிந்ததைச் சிறு துண்டால் எடுங்கள். சிறு வண்டிக்கு எல்லாம் சேர்த்து 10 முதல் 15 நிமிடம்.

வெள்ளை வட்டம் அன்றைக்கே விழுந்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியில் தொட்டு வைத்து, ஒரு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். வெயிலில் செய்யாதீர்கள்.

வாட்டர் வாஷ் கடையில் விடுகிறவர்களுக்கு: "துணி போட வேண்டாம், காத்து மட்டும் அடிச்சு விடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிட்டு உங்கள் துண்டால் நீங்கள் துவட்டிக்கொள்ளுங்கள். அங்கே ஒரே துணி முந்தின லாரியின் சக்கரத்தையும் பார்த்திருக்கும். காற்றை முதலில் தரைப் பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், கம்ப்ரஸரில் எண்ணெய் கலந்து வந்தால் சிமெண்டில் புள்ளி தெரியும்.

10. அறுவடைக் காலமும் மார்கழிப் பனியும்

மற்ற ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது மெஷின் ஓடும் வயலோரம் வண்டி போனாலே போதும், நெல் சுணை மேலெல்லாம் படியும். சாலையில் நெல் காயப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். உமியில் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருப்பதும் அதுதான். கழுத்தில் பட்டால் அரிக்கிற சுணை பெயிண்ட்டில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் ஷாம்பூவுக்கு முன் இரண்டு தரம் வெறும் தண்ணீர் அலசல் கட்டாயம். வைப்பர் அடியிலும் பானெட் விளிம்பிலும் சுணை அடைந்து கிடக்கும், விரலால் தள்ளி வெளியேற்றிவிட்டுத்தான் துண்டை எடுக்க வேண்டும். முறுக்கு இழைத் துண்டில் வைக்கோல் துணுக்கு சிக்கினால் உதறினாலும் போகாது, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு அதை எடுத்து வைத்துவிட்டு வாஃபிளால் ஓட்டலாம்.

மார்கழிப் பனி வேறு விதமான பொறி. விடியற்காலையில் வண்டி கழுவினது போல நனைந்து நிற்கும். "ஈரமாகத்தானே இருக்கிறது, அப்படியே துடைத்துவிடலாம்" என்று தோன்றும். அந்தப் பனிக்கு அடியில் முந்தின நாள் புழுதி முழுக்க இருக்கிறது. அதைத் துடைப்பது நனைத்த உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

11. துவைப்பது, காயப்போடுவது

ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் அன்றைக்கே துவைத்துவிடுங்கள், திரவ டிடர்ஜெண்ட் போதும். வீட்டுத் துணிகளோடு மெஷினில் சேர்க்காதீர்கள்; பருத்தியிலிருந்து உதிரும் பஞ்சை இழை கவ்விக்கொண்டால் அடுத்த முறை அது கண்ணாடியில் இறங்கும். வாசனைக்குப் போடும் கண்டிஷனர், ப்ளீச், சொட்டு நீலம், கஞ்சி எதுவும் ஆகாது. கண்டிஷனர் இழைமேல் மெழுகு போல ஒரு படலம் விடும், துண்டு குடிப்பதை நிறுத்திவிடும். தெரியாமல் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் டிடர்ஜெண்ட் போட்டு இரண்டு மூன்று முறை அலசிப் பாருங்கள்.

உப்புத் தண்ணீரில் துவைக்கும் துண்டு அப்பளம் போல விறைக்கும். கடைசி அலசலில் 10 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டால் அந்த விறைப்பு குறையும்.

தென்னங்கயிற்றுக் கொடியில் போடாதீர்கள், நார் ஒட்டும். பிளாஸ்டிக் கொடியோ ஹேங்கரோ எடுத்துக்கொண்டு நிழலில், காற்றோட்டத்தில் போடுங்கள். களத்துப் பக்கமோ மண் சாலைப் பக்கமோ வேண்டாம். மழைக்காலத்தில் மெஷினில் சுற்றவிட்டு எடுத்து மின்விசிறிக்கு அடியில் இரவு முழுக்க. இஸ்திரி வைத்தால் இழை உருகித் தட்டையாகும், பிறகு அது துண்டில்லை, பிளாஸ்டிக் தாள். முழுக்கக் காய்ந்ததும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனரோடு உருண்டு கிடக்கும் துண்டை நம்பாதீர்கள்.

12. எப்போது இறக்குவது

நடுவில் தடவினால் சொரசொரப்பு, துவைத்தும் போகாத வாடை, தாம்பாளச் சோதனையில் முத்து நிற்பது, பிசுக்குக் கறை: இதில் எது வந்தாலும் பெயிண்ட் பக்கம் போகக் கூடாது. பெரிய துண்டைச் சக்கரத்துக்கு இறக்குங்கள். சக்கரத்துக்கு இருந்ததை எஞ்சின் அறைக்கும், அங்கிருந்து பைக் செயினுக்கும் இறக்கலாம். இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். நிறம் வெளுத்துப்போன பிறகு பானெட் துண்டு எது, செயின் துண்டு எது என்று அந்த மூலையைப் பார்த்துத்தான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியும்.